சம்பளமா, கைப்பணமா, அரிசியா, கடனா: கொரோனா கால உதவிகளில் எது யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

கொரோனா காலத்தில் அரசுகள் செய்த உதவி என்று பேச்சு வந்தால் உடனே தொகையை ஒப்பிட ஆரம்பித்துவிடுகிறோம். எந்த நாடு எத்தனை லட்சம் கோடி அறிவித்தது, எது பெரிசு, எது சிறிசு என்று. தொகை முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் பார்த்தால் பாதி விஷயம் கண்ணில் படாமலே போய்விடும்.

மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து, தரை துடைத்துக் குடும்பத்தை ஓட்டும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரடங்கு அறிவித்த அன்றே மூன்று வீட்டிலும் "கொஞ்ச நாளைக்கு வராதீங்க, அப்புறம் சொல்றோம்" என்று சொல்லிவிட்டார்கள். வேலையை விட்டு எடுத்ததாகக் கடிதம் கிடையாது, ஏனென்றால் வேலையில் சேர்த்ததற்கே கடிதம் கிடையாது. சம்பளச் சீட்டு இல்லை, வருமான வரிக் கணக்கு இல்லை, வேலையின்மைக் காப்பீடு இல்லை. இப்படி ஒருவர் எந்த நாட்டில் வேண்டுமானாலும் இருக்கலாம். அரசு நீட்டிய கை அவர் வரைக்கும் எட்டியதா, எந்த வழியாக எட்டியது, எத்தனை நாளில் எட்டியது என்பதை வைத்துத்தான் இங்கே நான்கு வழிகளையும் ஒப்பிடப் போகிறேன்.

முதலில் அடி யார் மேல் விழுந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் உழைப்பவர்களில் பத்துக்கு ஆறு பேர், ஏறத்தாழ 200 கோடிப் பேர், முறைசாரா வேலையில்தான் இருக்கிறார்கள். அவர்களில் 160 கோடிப் பேரின் பிழைப்பு கடுமையாகப் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2020 ஏப்ரலிலேயே சொன்னது. அந்த ஆண்டு முழுவதும் இழந்த வேலை நேரம் 8.8 சதவீதம், அதாவது 25.5 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம். பெண்களின் வேலைவாய்ப்பு 5 சதவீதம் குறைந்தது, ஆண்களுக்கு 3.9. மடிக்கணினியைத் திறந்து வைத்து வேலை பார்க்க முடிந்தவர்களுக்குச் சம்பளம் நிற்கவில்லை, வெளியே செலவு குறைந்ததால் பலருக்குச் சேமிப்புகூட ஏறியது. உடம்பை எடுத்துக்கொண்டு போய் நின்றால்தான் காசு என்ற நிலையில் இருந்தவர்களுக்கு முதல் நாளே வருமானம் பூஜ்யம். பள்ளிக்கூடமும் மூடியதால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் அம்மாக்கள் தலையில் விழுந்தது, அதனால் வேலை திரும்பக் கிடைத்தபோதும் பலரால் போக முடியவில்லை.

சரி, முதல் வழிக்கு வருவோம். முதலாளி வழியாகச் சம்பளத்தைக் காப்பாற்றுவது. பணக்கார நாடுகள் இதைத்தான் பெரிதாக நம்பின. பிரிட்டனில் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார வைக்கப்பட்டவர்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண்டு என்ற உச்சவரம்போடு, அரசே கொடுத்தது. 2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர் வரை 1.17 கோடி வேலைகளுக்கு இந்த உதவி போனது, செலவு சுமார் 7,000 கோடி பவுண்டு. ஜெர்மனியில் குர்ஸ்ஆர்பைட் என்ற குறுகிய நேர வேலைத் திட்டம் ஏற்கெனவே பழக்கத்தில் இருந்ததால் 2020 ஏப்ரலிலேயே கிட்டத்தட்ட 60 லட்சம் பேர் அதன் கீழ் வந்துவிட்டார்கள். ஆளை வேலையிலிருந்து நீக்காமல், நிறுவனத்துக்கும் தொழிலாளிக்கும் நடுவே இருந்த உறவை அறுக்காமல் வைத்திருந்ததுதான் இதன் பெரிய பலம். இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கடை திறந்த அன்று பழைய ஆளே பழைய இடத்தில் போய் நிற்க முடிந்தது என்பது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் நம் வீட்டுவேலைப் பெண்மணி? சம்பளப் பட்டியலில் பேர் இருந்தால்தான் இந்தக் கதவு திறக்கும். ஜெர்மனியில் மினிஜாப் எனப்படும் குறைந்த வருமானப் பகுதிநேர வேலையில் இருப்பவர்கள் வேலையின்மைக் காப்பீட்டில் சேராதவர்கள், அதனால் குர்ஸ்ஆர்பைட்டிலும் இடமில்லை. அந்த வேலைகளில் பெண்கள்தான் அதிகம். பிரிட்டனில் சுயதொழில் செய்பவர்களுக்குத் தனித் திட்டம் வந்தது, ஆனால் அதற்குப் பழைய வரிக் கணக்கு வேண்டும். சமீபத்தில்தான் தொழில் தொடங்கினேன் என்றவர்களுக்கு ஆரம்பச் சுற்றுகளில் ஒன்றும் இல்லை. அப்புறம் அந்த 80 சதவீதத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மாதச் சம்பளத்தில் பாதியை மிச்சம் பிடிக்கிறவருக்கு 80 சதவீதம் என்பது கொஞ்சம் இறுக்கிப் பிடிக்க வேண்டிய விஷயம். குறைந்தபட்சக் கூலியில் வாடகையும் சாப்பாடும் போக ஒன்றும் மிஞ்சாதவருக்கு அந்த 20 சதவீதம்தான் மின்கட்டணம், அதுதான் பிள்ளையின் செருப்பு. உணவகங்களில் வாடிக்கையாளர் விருப்பப்பட்டுக் கொடுக்கும் டிப்ஸ் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. எல்லோருக்கும் ஒரே சதவீதம் என்று வைத்தாலும் வலி ஒரே அளவில் இருக்கவில்லை.

இதே வழியின் மோசமான வடிவத்தைப் பார்க்க வேண்டும் என்றால் அமெரிக்காவின் சம்பளப் பாதுகாப்புக் கடன் திட்டத்தைப் பார்க்கலாம். சிறு நிறுவனங்களுக்கு வங்கி வழியாகக் கடன், சம்பளத்துக்குச் செலவழித்தால் தள்ளுபடி. முதல் தவணை 34,900 கோடி டாலர் இரண்டே வாரத்தில் தீர்ந்துபோனது. ஏற்கெனவே வங்கியோடு நல்ல பழக்கம் இருந்தவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். கறுப்பினத்தவரும் புலம்பெயர்ந்தவர்களும் நடத்தும் சின்னச் சின்னக் கடைகள் பின்னால் தங்கிவிட்டன. மொத்தத்தில் சுமார் 80,000 கோடி டாலர் செலவான இந்தத் திட்டத்தைப் பின்னால் ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், உண்மையில் வேலை இழந்திருக்கக்கூடிய தொழிலாளர் கைக்குப் போனது 23 முதல் 34 சதவீதம்தான் என்று கணக்கிட்டார்கள். மீதி முதலாளிகளுக்கும் பங்குதாரர்களுக்கும் போனது, மொத்தப் பணத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவானது வருமானத்தில் மேல்தட்டில் இருக்கும் ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களுக்குச் சேர்ந்தது. இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

இரண்டாவது வழி, நேராக ஆளின் கையில் பணம். இதைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகச் செய்தது, வித்தியாசம் எல்லாம் அந்த விவரங்களில்தான் இருக்கிறது.

பிரேசிலை எடுத்துக்கொள்வோம். அரசு முதலில் 200 ரெயால் தருகிறேன் என்றது, நாடாளுமன்றம் அதை 600 ஆக்கியது. தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் அம்மாவுக்கு இரட்டிப்பு, 1,200. ஏற்கெனவே ஏழைக் குடும்பங்களுக்கான பதிவேட்டில் இருந்தவர்களுக்குத் தானாகவே போனது; பதிவேட்டில் இல்லாத தெருவோர வியாபாரிகள், வீட்டுவேலை செய்பவர்கள், தினக்கூலிகள் போன் வழியாகத் தாங்களே விண்ணப்பிக்கலாம் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். சுமார் 6.8 கோடிப் பேருக்குப் பணம் கிடைத்தது. பொருளாதாரம் சுருங்கிய ஆண்டில் அங்கே வறுமை குறைந்தது! குறைகளும் இருந்தன. போனே சரியாக இல்லாதவர்கள், அடையாள எண்ணில் ஏதோ பிழை உள்ளவர்கள் எல்லாம் அரசு வங்கி வாசலில் விடியற்காலையிலிருந்து நெருக்கியடித்து வரிசையில் நின்றார்கள். தள்ளி நில்லுங்கள் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் ஏழைகள் மட்டும் தோளோடு தோள் உரச நிற்க வேண்டியிருந்தது. இருந்தாலும் நம் பெண்மணி பிரேசிலில் இருந்திருந்தால், தனியாகப் பிள்ளை வளர்ப்பவராகவும் இருந்திருந்தால், அவருக்கு 1,200 ரெயால் வந்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. முதல் வழியில் அந்த வாய்ப்பே இல்லை.

அதைவிட என்னை ஆச்சரியப்படுத்தியது மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ. சின்ன நாடு, ஏழை நாடு. 2020 ஏப்ரல் 8-ஆம் தேதி நோவிசி என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். ஸ்மார்ட்போன் வேண்டாம், இணையம் வேண்டாம். சாதாரண பட்டன் போனில் நட்சத்திரக் குறி, 855, ஹேஷ் என்று அழுத்தி, வாக்காளர் அட்டை எண்ணைக் கொடுத்தால் போதும், தகுதி இருந்தால் போன் பணப்பையிலேயே காசு வந்து விழும். ஆண்களுக்கு மாதம் 10,500 பிராங்க், பெண்களுக்கு 12,250. குடும்பத்தின் அடுப்பு பெண் கையில் இருக்கிறது என்ற எண்ணத்தில் பெண்ணுக்குக் கூடுதல் வைத்தார்கள். யார் முறைசாராத் தொழிலாளி என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வாக்காளர் பதிவேட்டில் தொழில் என்ற ஒரு கட்டம் இருந்தது, அதில் எழுதியிருந்ததை எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். பின்னால் கிராமப்புறங்களுக்குப் போனபோது செயற்கைக்கோள் படங்களை வைத்து மிக ஏழ்மையான 100 வட்டாரங்களையும், செல்போன் பயன்பாட்டுத் தரவுகளை வைத்து அங்கே மிக ஏழ்மையான ஆட்களையும் தேர்ந்தெடுத்தார்கள். போன் இல்லாதவர்கள் விடுபட்டார்கள், வாக்காளர் அட்டை இல்லாதவர்கள் விடுபட்டார்கள், உண்மைதான். ஆனால் பட்டியல் இல்லையே என்று கையைப் பிசைந்துகொண்டு உட்காராமல், இருக்கிற பட்டியலில் எது அதிகம் பேரைத் தொடுகிறது என்று பார்த்து அதைப் பிடித்துக்கொண்டார்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தியாவில் நேரடிப் பணம் என்பது பெண்களின் ஜன் தன் வங்கிக் கணக்குகளுக்குப் போனது. மாதம் 500 ரூபாய், மூன்று மாதத்துக்கு, சுமார் 20 கோடிக் கணக்குகளில். கணக்கு ஏற்கெனவே இருந்ததால் வேகமாகப் போனது, பெண் பேரில் போனது, இரண்டும் நல்ல விஷயம். ஆனால் தொகை மிகச் சிறியது; மூன்று மாதத்துக்கும் சேர்த்து 1,500 ரூபாய் என்பது வேலை நின்றுபோன ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் வரும்? ஜன் தன் அல்லாத வேறு கணக்கு வைத்திருந்த ஏழைப் பெண்ணுக்கு அதுவும் கிடையாது. வறுமைக்கும் எந்த வகைக் கணக்கு என்பதற்கும் நேரான தொடர்பு இல்லை, கைக்கு வாய்த்த கதவு அதுவாக இருந்ததால் அதன் வழியாகப் போனார்கள்.

அமெரிக்காவில் நேரடிக் காசோலை மூன்று முறை வந்தது: 1,200, 600, 1,400 டாலர். வரிக் கணக்கு தாக்கல் செய்திருந்தவர்களுக்குத் தானாக வந்தது. வருமானம் மிகக் குறைவு என்பதால் தாக்கலே செய்யாதவர்கள், அதாவது அதிகம் தேவைப்பட்டவர்கள், தனியாக ஒரு இணையப் பக்கத்துக்குப் போய்ப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. முதல் சுற்றில் கணவன் மனைவி சேர்ந்து கணக்குக் காட்டியிருந்து, ஒருவருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லையென்றால், குடிமகனாக இருக்கும் மற்றவருக்கும் இல்லை என்று மறுத்தார்கள். 2020 டிசம்பரில்தான் அதைச் சரி செய்தார்கள்.

ஜப்பான் வேறு மாதிரி. வருமானம் பார்க்கவில்லை, குடியுரிமை பார்க்கவில்லை. குடியிருப்போர் பதிவேட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், அங்கே பதிந்து வாழும் வெளிநாட்டவர் உட்பட, தலைக்கு ஒரு லட்சம் யென். கேட்க மிக நியாயமாக இருக்கிறது. ஆனால் பணம் குடும்பத் தலைவர் கணக்குக்குத்தான் மொத்தமாகப் போனது. அடி தாங்க முடியாமல் வீட்டை விட்டு ஓடி, வேறு ஊரில் ஒளிந்து வாழும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். பதிவேட்டில் அவர் இன்னும் அந்த ஆளின் குடும்பத்தில்தான் இருப்பார், அவர் பங்கும் அந்த ஆளுக்கே போகும். இதற்காகக் குடும்ப வன்முறையில் இருந்து தப்பியவர்கள் தனியாக விண்ணப்பிக்க ஒரு ஏற்பாடு செய்தார்கள், ஆனால் அது தெரிந்து, பயத்தை மீறி, அதற்கான தாளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முகவரியே இல்லாமல் தெருவில் படுக்கிறவர் அந்தப் பதிவேட்டிலேயே இல்லை. தலைக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டுக் குடும்பத்துக்கு ஒரு கணக்கு என்று அனுப்பினால் அது தலைக்கு இவ்வளவு ஆகாது.

தென்னாப்பிரிக்காவில் வேறு எந்த உதவியும் வருமானமும் இல்லாத பெரியவர்களுக்கு மாதம் 350 ராண்டு. பிள்ளைக்கான உதவித்தொகையைப் பிள்ளை சார்பில் வாங்குகிற அம்மாக்கள் முதல் சுற்றில் இதற்கு விண்ணப்பிக்க முடியாது என்று வைத்துவிட்டார்கள். பிள்ளைக்கு வருவது பிள்ளைக்கு, அம்மாவின் பசிக்கு எது? விளைவு, வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 2021 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியபோது அந்தத் தடையை நீக்கினார்கள்.

மூன்றாவது வழி, பொருளாகக் கொடுப்பது. இதில் இந்தியா செய்தது உலகத்திலேயே பெரிய ஏற்பாடு என்று தயங்காமல் சொல்வேன். 2020 ஏப்ரலில் தொடங்கி, நடுவில் சில மாதங்கள் நின்று, 2022 டிசம்பர் வரை சுமார் 80 கோடிப் பேருக்குத் தலைக்கு 5 கிலோ தானியம், வழக்கமான ரேஷனுக்கு மேல் இலவசமாக. பணம் கொடுத்தால் விலைவாசி ஏற ஏற அதன் மதிப்பு கரையும், 5 கிலோ எப்போதும் 5 கிலோதான். கடன்காரன் வந்து பிடுங்கிக்கொண்டு போகவும் மாட்டான், குடிக்கும் போகாது. கடையும் கிட்டங்கியும் ஏற்கெனவே ஊர் ஊருக்கு இருந்தன. பசி பஞ்சமாக மாறாமல் தடுத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் அதன் கதவு ரேஷன் கார்டு. கார்டு ஊரில் இருக்கிறது, ஆள் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு நகரத்தில் கட்டட வேலையில் இருக்கிறார். 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு, நாலே மணி நேரத்தில் நாடு அடைப்பு. வேலை செய்த இடத்தில் அரிசி வாங்கக் கார்டு இல்லை, கார்டு இருக்கும் ஊருக்குப் போக ரயில் இல்லை. நெடுஞ்சாலையில் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவர்களை நாம் எல்லோரும் பார்த்தோம். மே 8-ஆம் தேதி அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 தொழிலாளர்கள் மேல் சரக்கு ரயில் ஏறியது. கார்டு இல்லாத புலம்பெயர் தொழிலாளருக்கும் இரண்டு மாதம் தானியம் என்று அறிவிப்பு வந்தது மே நடுவில், பலர் பாதி வழி நடந்துவிட்ட பிறகு. எந்த ஊரில் வேண்டுமானாலும் ரேஷன் வாங்கும் வசதியை எல்லா மாநிலங்களும் 2021 ஜூலை முடிவதற்குள் கொண்டுவர வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொன்று. எத்தனை பேருக்குக் கார்டு என்ற எண்ணிக்கை 2011 மக்கள்தொகைக் கணக்கின் மேல் நிற்கிறது. அதற்குப் பிறகு பிறந்தவர்கள், தனிக்குடித்தனம் போனவர்கள் எல்லாம் இடம் காலியாகும் வரை காத்திருக்க வேண்டும். கார்டு இருந்தாலும் கைரேகை இயந்திரம் இருக்கிறது. வருஷக்கணக்கில் சோப்புத் தண்ணீரிலும் சிமெண்டிலும் ஊறி ரேகை தேய்ந்துபோன விரலை அது ஏற்காது. பெருவிரலைத் துடைத்து, மறுபடி வைத்து, அடுத்த விரலை வைத்து, அப்புறம் நாளைக்கு வாங்க என்று அனுப்பப்படுவது யார் என்றால், மிக அதிகமாக உழைத்த கை உள்ளவர்தான். அரிசி வந்துவிட்டாலும் எரிவாயு, வாடகை, மருந்து, பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்கு டேட்டா, இவற்றுக்கெல்லாம் அரிசியைக் கொடுக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நான்காவது வழி கடனும் தவணைத் தள்ளிவைப்பும். இதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. இந்தியாவில் 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை இஎம்ஐ கட்டாமல் இருக்கலாம் என்றார்கள், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. சேமிப்பு உள்ளவர் தவணையைத் தள்ளிவைக்காமல் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தார். இல்லாதவர் தள்ளிவைத்து, கூடுதல் வட்டியோடு கட்டினார். வட்டிக்கு வட்டியைப் பின்னால் விலக்கினார்கள், வட்டியை இல்லை. கந்துவட்டிக்கு வாங்கியவருக்கு இந்தச் சலுகையே பொருந்தாது. தெருவோர வியாபாரிகளுக்கு 2020 ஜூனில் 10,000 ரூபாய் கடன் திட்டம் வந்தது, மறுபடி கடை போட அது உதவியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிறு தொழில்களுக்கான 3 லட்சம் கோடி உத்தரவாதக் கடன் ஏற்கெனவே வங்கியில் கடன் பாக்கி வைத்திருந்த நிறுவனங்களுக்குத்தான். வருமானம் நின்ற வீட்டுக்குக் கடன் கொடுப்பது அடுத்த வருடத்துக் கூலியை இப்போதே எடுத்துச் செலவழிக்கச் சொல்வது. மூன்று வீடுகளில் வேலை இழந்த அந்த அம்மாவுக்கு இது உதவியே இல்லை.

எனக்கு எது சரி என்று கேட்டால், நேரடிப் பணத்தை முதலில் வைப்பேன், அதிலும் டோகோ மாதிரி, பிரேசில் மாதிரி, பட்டியலில் இல்லாதவரும் தானாக வந்து கதவைத் தட்டக்கூடிய ஏற்பாட்டை. கூடவே தானியம், எந்த ஊரிலும் வாங்கும் வசதியோடு. முறையான வேலைகள் அதிகம் உள்ள நாட்டில் சம்பளத் திட்டமும் வேண்டும், ஆனால் அதை மட்டுமே வைத்துக்கொண்டு எல்லோரையும் காப்பாற்றிவிட்டோம் என்று நினைக்கக் கூடாது. பணம் குடும்பத்துக்கு என்று போகாமல் ஆளுக்கு என்று போக வேண்டும், அந்த ஆள் பெண் என்றால் அவர் பேரில் உள்ள கணக்குக்குப் போக வேண்டும். தகுதி இல்லாத சிலருக்குப் போய்விடுமே என்பார்கள். போகட்டும். போக வேண்டியவருக்குப் போகாமல் விட்ட கணக்கோடு ஒப்பிட்டால் அது பெரிய நஷ்டம் இல்லை என்பது என் எண்ணம்.

எப்போது நிறுத்தினார்கள் என்பதையும் இதே ஒப்பீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். பிரேசில் 2020 செப்டம்பரில் தொகையைப் பாதியாக்கி, டிசம்பரோடு நிறுத்தியது. 2021 ஏப்ரலில் குறைந்த தொகையில் மறுபடி தொடங்கும் வரை நடுவில் மூன்று மாதம் ஒன்றும் இல்லை, அங்கே நோயின் கொடுமையான அலை எழும்பிய மாதங்கள் அவை. பிரிட்டன் ஏழைகளுக்கான யூனிவர்சல் கிரெடிட் உதவியில் வாரம் 20 பவுண்டு கூட்டிக் கொடுத்ததை 2021 அக்டோபரில் எடுத்துவிட்டது. அமெரிக்கா 2021 ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு மாதம் 300 டாலர், அதற்கு மேல் 17 வயது வரை 250 டாலர் என்று பெற்றோர் கணக்கில் போட்டது, வருமானமே இல்லாத குடும்பங்களுக்கும் சேர்த்து. அந்த ஆண்டு பிள்ளைகளின் வறுமை விகிதம் 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. திட்டத்தை நீட்டிக்கவில்லை. 2022-இல் அதே விகிதம் 12.4.